பந்து நேராகப் போகும் வியாதி

ஒரு காட்டில் கோல்ஃப் மைதானம் இருந்தது. காட்டை வெட்டித்தான் மைதானம் போட்டிருந்தார்கள். ஆகவே ‘ஒரு காட்டில்’ என்பது மரியாதைக்குச் சொல்வது.

அங்கே மாசிலாமணி என்ற காட்டுப்பன்றிக்கு ஒரே உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமைகளில் புலிராஜாவோடு ஆடித் தோற்க வேண்டும். லேசான வேலை இல்லை. ராஜாவின் பந்து குளத்தில் விழுந்தால், மாசிலாமணியின் பந்து இன்னும் ஆழத்தில் விழ வேண்டும். அதுவும் உயிரைக் கொடுத்து ஆடியது போலத் தெரிய வேண்டும். முன்பு ஒரு மிளா மான் தெரியாத்தனமாக ஜெயித்துவிட்டது. அன்றைக்கே விருந்து. மிளாவும் விருந்தில் இருந்தது, குழம்பாக.

ஒரு வெள்ளிக்கிழமை பயிற்சியின்போது மாசிலாமணியின் ஸ்விங் திடீரென்று கெட்டுப்போனது. எப்படி அடித்தாலும் பந்து நேராகப் போய்க் குழியில் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு அடித்தது. விழுந்தது. திரும்பி நின்று அடித்தது. பந்து பாறையில் மோதித் திரும்பி, குழியோரம் சற்று யோசித்துவிட்டு, விழுந்தது.

வீட்டுக்கு வந்து சுருண்டு படுத்தது.

“ஏங்க, பந்து குழியில விழுந்தா நல்லதுதானே?” என்றது மனைவி செண்பகம்.

“நல்லதுதான். ஞாயித்துக்கிழமை என்னை எந்தக் கிண்ணத்துல ஊத்துறாங்கன்னு மட்டும் பார்த்துக்க.”

செண்பகம் யோசித்தது. “கரடி வாத்தியார்கிட்ட போங்களேன். எங்க தம்பி நல்லா ஆடிட்டிருந்தான். அவர்கிட்ட சேர்ந்தான். இப்ப மட்டையில எது கைப்பிடின்னு கேக்குறான்.”

கரடி வாத்தியார் மாசிலாமணி அடிப்பதைக் கைப்பேசியில் படம் பிடித்து, மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தார்.

“அடிக்கும்போது மூச்சு உள்ள போகுதா, வெளிய வருதா?”

“கவனிச்சதில்லீங்க.”

“கவனி. அப்ப உன் இடது முட்டி என்ன நினைக்குது?”

மாசிலாமணி வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் இடது முட்டியைச் சந்தேகத்தோடு பார்த்தது. அப்போதே குணம் தெரிந்தது. ஞாயிறன்று அது வீசிய வீச்சில் பந்து அசையவில்லை. மட்டை பறந்துபோய் மரத்தில் தொங்கியது.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பிறகு சிரிப்பை நிறுத்தியது.

“அடிக்கறதுக்கு முன்னாடி மூஞ்சில என்னய்யா அவ்வளவு சிந்தனை? யாரு கத்துக்கொடுத்தது? எனக்கும் அவரை வரச்சொல்லு.”

வாத்தியார் வாரம் முழுக்க அரண்மனையில் பாடம் எடுத்தார்.

அடுத்த ஞாயிறு ராஜா பந்தின் முன்னால் நின்று தன் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தது. மாசிலாமணியும் ராஜாவின் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தது. பார்த்ததில் தன் முட்டியை மறந்துவிட்டது. தன் முறை வந்ததும் சும்மா அடித்தது. பந்து நேராகப் போய்க் குழியில் விழுந்தது.

ராஜா உறுமியது. பாய்வதற்குப் பதுங்கியது.

பதுங்கியபடியே, “மாசி, பாயும்போது மூச்சு உள்ளயா, வெளியவா?” என்று கேட்டது.

“கவனிச்சுச் சொல்லுங்க ராஜா,” என்றது மாசிலாமணி. பந்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனது. ராஜா இன்னும் கவனித்துக்கொண்டிருக்கிறது. அதன் முதுகில் மிளாக் குட்டிகள் சறுக்கி விளையாடுகின்றன.

நீதி: பகைவனின் பல்லைப் பிடுங்க வேண்டாம், நல்ல பயிற்சியாளர் ஒருவரை அறிமுகம் செய்துவைத்தால் போதும்.