மணமற்ற மனிதர்கள்

அந்த நவம்பரில் அமெரிக்காவின் வடக்கே எங்கள் கிவி ஏரிப் பக்கம் வந்திருந்தால், ஊரே ஏதோ நோயில் விழுந்துவிட்டதென்று நினைத்திருப்பீர்கள். ஆண்கள் ஒருவரும் காபி குடிக்கவில்லை. வெங்காயத்தைக் கண்டால் விலகி நடந்தார்கள். கல்யாணமாகி முப்பது வருடமான மனிதர்கள் கார் கொட்டகையில் பாய் விரித்துப் படுத்தார்கள். தேவாலயத்தில் ஒருவரை ஒருவர் தொட்டுக் கைகுலுக்காமல், தூரத்திலிருந்தே தலையாட்டிக்கொண்டார்கள்.

நோய் ஒன்றுமில்லை. மான் வேட்டை தொடங்க இன்னும் இரண்டு வாரம் இருந்தது. ஊருக்கு லாயல் பிரிட்செட் வந்திருந்தார்.

தெற்கே எங்கோ ஒரு மாநிலத்துக்காரர். மின்னல் தாக்கிப் பிழைத்தவராம். தாக்கிய மின்னல் அவர் மூக்கில் மானின் மூக்கை வைத்துவிட்டுப் போனதாம். மின்னலுக்கு அவ்வளவு வேலை! அன்றிலிருந்து மனிதன் மேல் வீசும் நாற்றமெல்லாம் அவருக்கு எழுத்து எழுத்தாகத் தெரியுமாம். அதை நீக்கும் வழியும் தெரியுமாம். "மான் உங்களைக் கண்ணால் பார்த்து ஓடுவதில்லை, மூக்கால் பார்த்து ஓடுகிறது" என்று விளம்பரப் பலகையில் எழுதியிருந்தது. அந்த ஒரு வரி உண்மைதான். நல்ல பொய்யர்கள் எப்போதும் ஒரு உண்மையோடுதான் கடையைத் திறப்பார்கள்.

பழைய உருளைக்கிழங்குக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்துக் கூட்டம் நடத்தினார். ஏழு நாள் நோன்பு. காபி, வெங்காயம், பன்றி இறைச்சி, மனைவி எல்லாம் விலக்கு. ஏழாம் நாள் தேவதாருப் புகையில் ஒன்பது நிமிடம் நிற்க வேண்டும். அதற்குப் பிறகு ஒரு குப்பி "வாசமிலா நீர்" கையில் கிடைக்கும். இதற்கெல்லாம் நூற்றெண்பது டாலர்.

எங்கள் ஊரில் பாதிப் பேர் ஃபின்லாந்து வம்சம். வாரம் இரண்டு முறை சானா என்னும் நீராவி அறையில் வெந்து, பிர்ச் மரத்து இலைக் கொத்தால் உடம்பை அடித்துக்கொண்டு, பனியில் புரளுகிறவர்கள். உலகத்திலேயே அதிகமாகக் குளிக்கிற இந்தக் கூட்டம், "நீ அழுக்கு" என்று ஒருவன் சொல்வதைக் கேட்க வரிசையில் நின்று பணம் கட்டியது!

நானும் நின்றேன். மாவட்டச் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன் நான். பிரிட்செட் என் கழுத்தருகே குனிந்து, கண்ணை மூடி, நீளமாக முகர்ந்தார்.

"டீசல்... நீ எந்திரத்தோட பொழைக்கிற ஆளு" என்றார்.

எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. நான் போட்டிருந்த சட்டையின் முதுகில் 'சாலைத் துறை' என்று ஒரு சாண் உயரத்தில் அச்சடித்திருந்தது பிறகுதான் ஞாபகம் வந்தது.

பிற்பகல் காட்சிதான் அவருடைய பெரிய வித்தை. கொட்டகை நீளமானது. நடுவில் ஒரு கம்பி வேலி, அதற்குள் பாதி பழகிய ஒரு பெண்மான். கிழக்குக் கோடியில் ஒரு கூண்டு, மேற்குக் கோடியில் ஒரு கூண்டு. இரண்டின் முன்னும் ஒரு தட்டு மக்காச்சோளம். கிழக்குக் கூண்டில் நோன்பு இருக்காத ஒருவனை நிறுத்துவார். மேற்குக் கூண்டில் தூய்மையாக்கப்பட்டவன். "உலகத்து நாற்றம் வெளியேறட்டும்!" என்று கத்திவிட்டு, கிழக்கு வாசலில் இருக்கும் இரண்டு ஆளுயர மின்விசிறிகளைப் போடுவார். மான் கிழக்கே தலையைத் தூக்கும். காலால் தரையை உதைக்கும். வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு மேற்கே ஓடி, தூயவனின் தட்டில் நிதானமாகச் சோளம் தின்னும்.

கூட்டம் தொப்பியைக் கழற்றிவிடும். கார் பட்டறை வைத்திருக்கும் ஆர்விட் நைகார்ட் ஆறடி மூன்றங்குல மனிதன். அவன் அன்று அழுதே விட்டான்.

ஊரில் இதை நம்பாத ஒரே ஆள் ஹெல்மி ரௌடியோ. பேஸ்டி கடை வைத்திருப்பவள். மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, ரூட்டபேகாக் கிழங்கு, நிறைய வெங்காயம் எல்லாம் வைத்து மடித்துச் சுட்ட அந்தப் பண்டம்தான் எங்கள் ஊர்ச் சோறு. வெங்காயம் விலக்கானதும் அவள் கடையில் ஈ ஓட்ட வேண்டியதாயிற்று. அதனால்தான் அவள் எதிர்க்கிறாள் என்று ஆர்விட் ஊரெல்லாம் சொன்னான். ஆனால் இன்னொன்றை அவன் சொல்லவில்லை. பதினேழு வருடமாக ஒரு வேட்டைக் காலம்கூடத் தவறாமல் மான் அடித்தவள் ஹெல்மி ஒருத்திதான். வெங்காய வாசத்தோடு.

"எப்படி அக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"காத்து மூஞ்சியில படற மாதிரி உக்காருவேன். அவ்வளவுதான்டா."

இலவசமாகச் சொன்னாள். அதனால் நான் மறந்துவிட்டேன்.

அவள் புருஷன் ரெய்னோ இரும்புச் சுரங்கத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன். இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடுகிற நோய் அவனுக்கு. இரண்டு வேளை மாத்திரை. மூன்று வருடமாக அவன் துப்பாக்கிக்கு மான் ஒன்றும் விழவில்லை. பிரிட்செட்டின் நோன்பில் இரண்டாவதாகச் சேர்ந்த குழுவில் அவனும் ஒருவன்.

அவன் நோன்பின் ஐந்தாம் நாள், விறகு எடுக்கப் போனவன் வீட்டு விறகுக் கொட்டகைப் படியிலேயே சரிந்து விழுந்தான். உதடு நீலம். நான்தான் பனி வண்டியில் தூக்கிப் போட்டு மருத்துவமனைக்கு விரைந்தேன். மருத்துவர் பரிசோதித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "மாத்திரையை எப்ப நிறுத்தினீங்க?"

ரெய்னோ கூரையைப் பார்த்தான். ஹெல்மி அவனைப் பார்த்தாள்.

"மருந்து வேர்வையில வருமாம். மான் அதை அரை மைலுக்கு அப்பாலயே மோந்துடுமாம்" என்றான் மெல்ல.

"யாரு சொன்னா?"

"உனக்குத் தெரியும் யாருன்னு."

"இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா நேரா சவப்பெட்டிதான்னு டாக்டர் சொல்றாரு. ஒரு மானுக்காகவா?"

ரெய்னோவின் கண் கலங்கியது. "மூணு வருஷமா நீ அடிச்ச கறியைத் தின்னுட்டு இருக்கேன் ஹெல்மி. கடையில நின்னா பயலுக கேக்கிறானுங்க, உன் பொண்டாட்டி இந்த வருஷம் உனக்கு என்ன அடிச்சுத் தரப் போறான்னு."

"நீ பாறை மேல போய் உக்காருற. வடமேக்குக் காத்து உன் முதுகுல அடிச்சு, உன் வாசத்தை மான் வர்ற பாதைக்கே கொண்டுபோய்க் கொடுக்குது. எத்தனை தடவை சொன்னேன்?"

"நீ சொன்னா அது பொண்டாட்டி பேச்சு. அவரு சொன்னா அது தீர்க்கதரிசனம்."

சொல்லிவிட்டு அவனே வெட்கப்பட்டான். ஹெல்மி அவன் போர்வையைச் சரி செய்தாள்.  

பிரிட்செட்டுக்குச் செய்தி எட்டியது. அன்றைக்கே கூட்டத்தில் அறிவித்தார். "சகோதரர் ரெய்னோ விழவில்லை. அவருக்குள் இருந்த கடைசி விஷம் விழுந்தது!" கூட்டம் கைதட்டியது. மனிதன் செத்திருந்தால் மணம் முழுசாகப் போய்விட்டதென்று சொல்லியிருப்பார். அதற்கும் தட்டியிருப்போம்.

மறுநாள் பிற்பகல் காட்சிக்கு ஹெல்மி வந்தாள். மேலங்கியைக்கூடப் போடவில்லை, கடையில் கட்டும் ஏப்ரனோடு அப்படியே வந்தாள். காலையிலிருந்து வெங்காயம் நறுக்கியவள். வாசல் பக்கம் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வழிவிட்டார்கள். மருத்துவமனையிலிருந்து அன்று காலைதான் வந்த ரெய்னோ, போர்வை போர்த்தி அவள் பின்னால் நடந்தான்.

"பிரிட்செட் ஐயா, நான் கட்டுப்பட வந்திருக்கேன். ஒரே ஒரு சந்தேகம். அதைத் தீர்த்துட்டா நூத்தெண்பது டாலரை இங்கேயே வைக்கிறேன்" என்றாள்.

"கேள் மகளே!"

"இந்த ஊர்ல ரொம்பத் தூய்மையானவரு யாரு?"

"அடியேன்தான்" என்றார் அடக்கமாக.

"ரொம்ப அழுக்கு?"

அவர் அவள் ஏப்ரனைப் பார்த்தார். கூட்டம் சிரித்தது.

"அப்போ நீங்க கிழக்குக் கூண்டுல நில்லுங்க. நான் மேற்குல நிக்கறேன்."

பிரிட்செட்டின் முகத்தில் முதல்முறையாக ஏதோ அசைந்தது. "தீர்க்கதரிசியைச் சோதிப்பது பாவம்" என்றார்.

அவரைக் காப்பாற்ற வேண்டியவன்தான் அவரைக் கவிழ்த்தான். ஆர்விட் நைகார்ட் எழுந்து நின்று முழங்கினான். "நில்லுங்க ஐயா! இந்தப் பொம்பளை வாயை இன்னியோட அடைச்சிடுங்க! உங்களுக்கு எந்தக் கூண்டா இருந்தா என்ன?"

"ஆமா, நில்லுங்க! நில்லுங்க!" என்று கூட்டம் கத்தியது. பக்தியின் அன்புத் தொல்லை அது. ஆர்விட்டே அவர் தோளைப் பிடித்துப் பயபக்தியோடு கிழக்குக் கூண்டுக்குள் தள்ளி, கதவைச் சாத்தினான். ஹெல்மி மேற்குக் கூண்டில் போய் நின்றாள். விசிறிகள் சுழன்றன.

மான் கிழக்கே தலையைத் தூக்கியது. மூக்கு விடைத்தது. காலால் ஒரு உதை. வெள்ளை வால் கொடிபோல் எழுந்தது. அடுத்த நொடி மேற்கே பாய்ந்து, ஹெல்மியின் முன்னால் நின்று, வெங்காய வாசத்துக்கு நடுவே மொறுமொறுவென்று சோளம் தின்றது.

 மான் மெல்லும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"அவநம்பிக்கை! இவளுடைய அவநம்பிக்கை மானைக் குழப்பிவிட்டது!" என்று கூண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அப்படியே இருக்கட்டும்" என்றாள் ஹெல்மி. என்னைத் திரும்பிப் பார்த்தாள். "டேய், அந்த விசிறிக்குச் சக்கரம் இருக்குல்ல? ரெண்டையும் இந்தப் பக்கம் தள்ளிட்டு வா. வேற எதையும் தொடாதே. அவரு அங்கேயே, நான் இங்கேயே."

தள்ளினேன். அது வெறும் விசிறிதான். ஆனால் அதைத் தள்ளும்போது என் ஏழு நாள் நோன்பையும் சேர்த்துத் தள்ளுவது போலிருந்தது. மேற்கு வாசலில் வைத்துச் சுழலவிட்டேன்.

ஹெல்மி ஏப்ரன் பையிலிருந்து ஒரு கைப்பிடி கோதுமை மாவை எடுத்து மேலே ஊதினாள். வெள்ளை மேகம் ஒன்று அவளிடமிருந்து கிளம்பி, மானைத் தாண்டி, கொட்டகை நீளத்துக்கும் மிதந்துபோய், பிரிட்செட்டின் கறுப்புக் கோட்டில் படிந்தது. எல்லாத் தலைகளும் அந்த மாவோடு சேர்ந்து திரும்பின.

மான் ஹெல்மியைப் பார்த்துச் சீறியது. வாலைத் தூக்கியது. கிழக்கே ஓடியது. பிரிட்செட்டின் தட்டில் வாய் வைத்துத் தின்ன ஆரம்பித்தது.

"பாத்துக்கங்க. அஞ்சு நிமிஷம் முன்னால அவரு அழுக்கு, நான் சுத்தம். இப்ப நான் அழுக்கு, அவரு சுத்தம். நடுவுல யாருப்பா குளிச்சது?"

யாரோ ஒருவன் முதலில் சிரித்தான். பிறகு கொட்டகையே அதிர்ந்தது. சிரிக்காதவன் ஆர்விட் மட்டும்தான். அவன் விசிறியையும் மானையும் மாறி மாறிப் பார்த்தான். "காத்து... வெறும் காத்து. நான் ஏழு நாளா கார் கொட்டகையில படுத்திருக்கேன்டா!" என்று முணுமுணுத்தான்.

ஹெல்மி சிரிக்கவில்லை. கூண்டைத் திறந்து வெளியே வந்து, கூட்டத்தின் நடுவில் நின்றாள்.

"மான் கதையை விடுங்க. உங்கள்ல எத்தனை பேரு மாத்திரையை நிறுத்தியிருக்கீங்க? வெக்கப்படாம கையைத் தூக்குங்க."

 ரெய்னோ போர்வைக்குள்ளிருந்து தன் கையை எடுத்து உயர்த்தினான். "நான் நிறுத்தினேன். செத்திருப்பேன்" என்றான்.

பிறகு ஒவ்வொன்றாக எழுந்தன. சர்க்கரை நோய்க்காரன் ஒருவன். வலிப்பு வரும் பையனின் அப்பா ஒருவர், தன் மருந்தை அல்ல, வேட்டைக்குக் கூடவரும் பையனின் மருந்தை நிறுத்தியவர். அவர் கையை உயர்த்தும்போது முகத்தை மூடிக்கொண்டார். மொத்தம் பதினொரு கைகள். பதினோராவது கை என்னுடையது. ரத்த அழுத்தம்.

சிரிப்பு நின்றுவிட்டது. பிரிட்செட்டின் பக்கம் திரும்பினோம். கிழக்குக் கூண்டு காலியாக இருந்தது. ஹெல்மி கை எண்ணிக்கொண்டிருந்தபோதே பின்பக்கப் பலகையை நெம்பிக்கொண்டு மனிதர் காற்றோடு போய்விட்டார். மாவு படிந்த காலடித் தடம் மட்டும் அவருடைய வண்டி நின்ற இடம்வரை போயிருந்தது. ஷெரீப் அவரை நெடுஞ்சாலையில் பிடித்தார். மருந்தை நிறுத்தச் சொன்னதற்காக வழக்கு நடக்கிறது. வக்கீல் வாதம், "அவர் ஆலோசனைதான் சொன்னார், யாரையும் கட்டாயப்படுத்தவில்லை" என்பது. அதுவும் உண்மைதான். நாங்களாகவேதான் போய் நின்றோம்.

வேட்டை தொடங்கிய காலை, ரெய்னோ பாறையை விட்டுவிட்டுச் சதுப்புக்காட்டின் தாழ்வில், காற்று முகத்தில் படும்படி உட்கார்ந்தான். சட்டைப்பையில் மாத்திரை, மடியில் சூடான பேஸ்டி. எட்டுக் கிளைக் கொம்போடு ஒரு மான் முப்பதடி தூரத்தில் வந்து நின்றது. ஒன்றும் முகராமல், நிம்மதியாக நின்றது. ரெய்னோ சுட்டான். குறி தப்பியது.

வீட்டுக்கு வந்து அவன் சிரித்த சிரிப்பு மூன்று வீடு தள்ளி எனக்குக் கேட்டது. "ஹெல்மி, இந்தத் தடவை என் நாத்தம் மேல பழியைப் போட முடியாது. என் கை மேலதான் போடணும்!"

கதை இத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் போன வாரம் ஆர்விட் பட்டறைக்குப் போனேன். சுவரில் புதிதாக ஒரு செப்புத் தகடு தொங்கியது. பௌர்ணமியில் வைத்து எடுத்ததாம், துப்பாக்கியில் கட்டினால் குறி தப்பாதாம். "பிரிட்செட் மாதிரி இல்லடா இதை வித்தவரு, நேர்மையான ஆளு" என்றான் ஆர்விட்.

ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். இயற்கை மானுக்கு மூக்கைக் கொடுத்தது, மனிதனுக்கு மூளையைக் கொடுத்தது. மான் தனக்குக் கொடுத்ததைத் தினமும் பயன்படுத்துகிறது.