வாராவாரம் ஓர் உச்சந்தலை

இனிமேல் தலைக்கு மருந்து போடுவதில்லை என்று அளவுக்காரர் குளியலறையில் நின்றபடியே சபதம் எடுத்தார். கையில் துவாலை. துவாலையில் அவ்வளவு முடி. மருந்து ஆரம்பித்து ஒரு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. கொட்டுவதை நிறுத்தத்தான் மருந்து வாங்கினார். மருந்து வந்த பிறகுதான் முடிக்கு இறக்கை முளைத்துவிட்டது.

டாக்டரம்மா என்னவோ முதல் நாளே சொல்லித்தான் அனுப்பினார். ஆரம்பத்தில் சிலருக்கு அதிகமாகவே கொட்டும், பழைய நோஞ்சான் முடி விழுந்து புதுசுக்கு இடம் விடும், பயந்துபோய் நடுவில் நிறுத்திவிட்டால் கொட்டினதும் நஷ்டம், போட்டதும் நஷ்டம் என்று. அளவுக்காரர் பெரிய மனிதர் தோரணையில் தலையாட்டினார். ஆட்டினால் அசைவதற்கு அப்போது தலையில் ஏதோ இருந்தது.

மயிரைக் கட்டி மலையை இழு, வந்தால் மலை, போனால் மயிர் என்பார்கள். அந்தப் பழமொழியே அவருக்கு ஆகாது. அவர் இழுத்துக்கொண்டிருந்த மலையே அந்த மயிர்தான்.

அவர் பிழைப்பு அப்படி. செருப்புக்கடையில் விற்பனையாளர். காலைப் பார்த்த மாத்திரத்தில் அளவு சொல்லிவிடுவார் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வருகிறவர் நாற்காலியில் உட்காருவார். இவர் எதிரே முக்காலியில் குனிந்து ஒவ்வொரு ஜோடியாக மாட்டிவிடுவார். வாடிக்கையாளர் அவர் முகத்தைப் பார்ப்பது ஒரு நிமிடம் என்றால் உச்சந்தலையைப் பார்ப்பது அரை மணி நேரம். அந்த உச்சந்தலையைப் பார்க்க முடியாத ஒரே ஆள் அவர்தான். கடைக் கண்ணாடிகள் முழங்காலோடு நின்றுவிடும். வீட்டுக் கண்ணாடி நெற்றியோடு நிறுத்திக்கொள்ளும். முந்தைய நாள் ஒரு அம்மாள், போட்ட செருப்பைப் பார்க்காமல் இவர் தலையையே பரிதாபமாகப் பார்த்துவிட்டு, பேரம்கூடப் பேசாமல் வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மனைவி மழலையர் பள்ளியில் ஆசிரியை. மருந்து கசக்குது என்று தரையில் உருளும் பிள்ளைகளைத் தினமும் மேய்ப்பவள். அவர் துவாலையை நீட்டியபோது அவள் பதறவில்லை.

"பாரு. இதெல்லாம் நேத்து வரைக்கும் என் தலையில இருந்தது. இன்னையோட மருந்தை நிறுத்தறேன்."

"சரி, நிறுத்துங்க."

சண்டை வரும் என்று பாயின்ட் பாயின்ட்டாகத் தயார் செய்து வந்தவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"என்ன, பட்டுன்னு சரிங்கற?"

"நிறுத்தறதுக்கு முன்னாடி துவாலையைப் பார்க்காதீங்க, தலையைப் பாருங்க. ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை நான் போட்டோ எடுத்துக் காட்டறேன். கொஞ்சம் குறைஞ்சிருந்தாலும் பாட்டிலை நீங்களே குப்பையில போடுங்க. ஏன்னு ஒரு வார்த்தை கேட்கமாட்டேன்."

அவருக்கு உள்ளுக்குள் குஷி. இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டால் போதும், அத்தாட்சியோடு நிறுத்திவிடலாம். பின்னாளில் ஒரு பேச்சும் வராது. தன் வாயாலேயே மாட்டிக்கொண்டாளே என்று மனைவிக்காகக் கொஞ்சம் பரிதாபம்கூடப் பட்டார். அந்த ஞாயிறே ஜன்னலோரம் முக்காலி போட்டு உட்கார்ந்தார். மனைவி இந்தப் பக்கம், அந்தப் பக்கம், கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் கிட்டே என்று சளைக்காமல் எடுத்தாள். ஒரு தலைக்கு எதற்கு இத்தனை படம் என்று கேட்டார். ஒன்று சரியாக விழாவிட்டால் இன்னொன்று இருக்கட்டும் என்றாள்.

அடுத்த ஞாயிறு எடுத்துக் காட்டினாள். குறையவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. அளவுக்காரர் குழம்பிப்போனார். சீப்பில் முடி, தலையணையில் முடி, சட்டைக் காலரில் முடி. தலையில் மட்டும் ஒரு சேதாரமும் இல்லையா? உட்கார்ந்து யோசித்தார். இவ்வளவு கொட்டியும் குறையவில்லை என்றால், கொட்டுகிற வேகத்துக்கு முளைக்கிறது என்றுதானே அர்த்தம்? அந்த ஞானம் பிறந்ததும் அவருக்கு உச்சி குளிர்ந்துபோனது. விசிறிக் காற்றும் முன்பைவிட நேராகவே பட்டது. அதையும் நல்ல அறிகுறியாகத்தான் எடுத்துக்கொண்டார்.

அதன் பிறகு கடையில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. வேண்டுமென்றே நன்றாகக் குனிந்தார். வழுக்கை வாடிக்கையாளர்களுக்கு இலவச ஆலோசனை சொன்னார். கல்லாவில் இருப்பவர் ஒருநாள் நைசாக, ஒரு தொப்பி போட்டால் எடுப்பாக இருக்குமே என்று ஆரம்பித்தார். தலையில் ஒன்றும் இல்லாதவனுக்குத்தான் தொப்பி என்று இவர் சிரித்தார். கல்லாக்காரர் அந்தத் தலையை ஒருமுறை பார்த்துவிட்டு, எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார்.

டாக்டரம்மாவிடம் மறுபடி போகும் நாள் வந்தது. உட்காருவதற்கு முன்பே அளவுக்காரர் ஆரம்பித்துவிட்டார். நீங்கள் சொன்ன கொட்டல் எல்லாம் சாதாரண ஆட்களுக்கு, என் உடம்பு வேறு ரகம் என்று சொல்லி, போனில் சேர்த்து வைத்திருந்த படங்களை நீட்டினார். மனைவி திடீரென்று சுவரில் மாட்டியிருந்த கை கழுவும் முறையை ஊன்றிப் படிக்க ஆரம்பித்தாள்.

டாக்டரம்மா படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"எல்லா ஞாயித்துக்கிழமையும் காதுக்குப் பின்னாடி ஒரே இடத்துல சவர நுரை ஒட்டியிருக்கே. அதே வடிவத்துல."

பிறகு அவர் தலையைத் தானே ஒரு படம் எடுத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு வெட்டவெளி. உற்றுப் பார்த்தால் அதில் பூனைமயிராகப் புதுசு கிளம்பியிருந்தது. கொட்ட வேண்டியது கொட்டி முடிந்தது, இனி நல்லபடியாக வரும், பலர் பயந்து பாதியில் ஓடிவிடுவார்கள், நீங்கள் தைரியசாலி என்று டாக்டரம்மா பாராட்டினார். அளவுக்காரர் நன்றி சொன்னார். வேறு என்ன சொல்வது?

பஸ் நிறுத்தத்துக்கு வந்த பிறகுதான் மனைவியிடம் கேட்டார்.

"எல்லாமே முதல் ஞாயித்துக்கிழமை எடுத்ததா?"

"ஆமா."

"இத்தனை நாள் இந்தச் சொட்டையை வெச்சுக்கிட்டா நான் கடையில அந்த ஆட்டம் ஆடினேன்?"

"காட்டியிருந்தா நிறுத்தியிருப்பீங்க. நிறுத்தியிருந்தா இன்னைக்கு அந்தப் பூனைமயிரும் இருந்திருக்காது." அவள் குரல் இறங்கியது. "அன்னைக்குத் துவாலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்களே, என்னால தாங்க முடியல. இன்னொரு தடவை உங்களை அப்படிப் பார்க்க வேண்டாம்னுதான்."

இப்படி ஒருத்தி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று மனதார நினைத்தார். ஆனாலும் தோற்றவர் முறைக்கு ஒரு கேள்வியாவது கேட்க வேண்டுமே.

"அப்ப வாராவாரம் என்னை உட்கார வெச்சு எடுத்தியே, அந்த நிஜப் படமெல்லாம் எங்க? அழிச்சிட்டியா?"

"அழிச்சா அப்பா கோவிச்சுக்குவாரு. எங்க வீட்டு வாட்ஸ்அப் குரூப்ல சித்தப்பா, மாமா, அத்தை, தங்கச்சி வீட்டுக்காரர் எல்லாரும் வாரம் தவறாம பார்க்கறாங்க. போன ஞாயித்துக்கிழமை நான் போட லேட்டாயிடுச்சு, மாப்பிள்ளை மண்டை இன்னும் வரலையேன்னு அப்பா ஃபோனே பண்ணிட்டாரு."