நாலாவது குரோமோசோமில் ஒரு வெள்ளாடு

பிரவுசிங் சென்டரின் கம்ப்யூட்டர் திரையில் விடை வந்ததும் ஹரிகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தான். வெள்ளாடு என்றுதான் இருந்தது.

அவன் மரபணுச் சோதனைக்கு அனுப்பியதோ செடி. அரபிடாப்சிஸ் என்ற, கடுகுக்கு ஒன்றுவிட்ட உறவான, சாண் உயரச் சீமைச் செடி. அதன் ஐந்து குரோமோசோம்களையும் வெளிநாட்டுக்காரர்கள் போன வருடம்தான் எழுத்தெழுத்தாகப் படித்து முடித்திருந்தார்கள். ஹரி கல்லூரி மொட்டை மாடியில் கம்பி வலைக்குள் ஒரு தட்டு நாற்றை வைத்து, தண்ணீர் காட்டாமல் கோவில்பட்டி வெயிலில் காயவிட்டான். எல்லாம் கருகின, ஒன்றைத் தவிர. அது மட்டும் எப்படிப் பிழைத்தது, அதன் நாலாவது குரோமோசோமில் என்ன மாறியிருக்கிறது என்பதுதான் அவனுடைய டாக்டர் பட்ட ஆராய்ச்சி. அதை நம்பித்தான் உதவித்தொகையே வந்துகொண்டிருந்தது.

"செடிக்குள்ள எப்படிப்பா ஆடு வரும்?" என்றார் கைடு ஜெயஷீலா மேடம்.

"தெரியல மேடம்."

"வீட்டுல ஆடு நிக்கா?"

"ஆட்டுக் கிடையே இருக்கு மேடம்."

மேடத்துக்கு விளங்கிவிட்டது. "ஆட்டைத் தொட்ட கையோட இலையைத் தொட்டிருக்க. கையை நல்லா கழுவிட்டு மறுபடி அனுப்பு."

ஹரி முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்தான். அடுத்த முடிவு வந்தது. முன்பு ஓரமாக நின்ற ஆடு இப்போது நடுவில் வந்து படுத்திருந்தது.

"சட்டையிலயும் ஒட்டியிருக்கும். கொஞ்ச நாளைக்கு வீட்டுக்கே போகாத."

பெட்டியோடு ஹாஸ்டலுக்குக் கிளம்பியவனிடம் அப்பா மாயகிருஷ்ணன் கேட்டது ஒன்றுதான்.

"அந்தச் செடி எப்படி இருக்குலே?"

"நல்லாத்தான் இருக்குப்பா. நாந்தான் நல்லா இல்ல."

அடுத்த முடிவில் ஆடு மட்டுமே இருந்தது. செடியைத் தேடவேண்டியிருந்தது.

"அடுத்த மாசம் கமிட்டி வருது," என்றார் மேடம். "இதைக் காட்டுனா ஆராய்ச்சியையே நிப்பாட்டிருவாவ. செடியைப் பூட்டி வை."

செடி தனி அறைக்குப் போனது. சாவியை வாட்ச்மேன் இசக்கியப்பனிடம் கொடுத்து, "அண்ணாச்சி, ஒரு ஈ காக்கா உள்ள போகக் கூடாது," என்று கும்பிடாத குறையாகச் சொன்னான்.

அந்த அறையிலிருந்து அனுப்பிய இலைக்கும் வெள்ளாடுதான் வந்தது.

செடியும் ஆடும் ஏதோ ஒரு காலத்தில் பங்காளிகளாக இருந்திருக்குமோ என்று ஹரி யோசித்தான். மேடம் அவனை ஏற இறங்கப் பார்த்து, "உன் ரத்தத்தையும் ஒருக்கா அனுப்பிப் பாப்பமா?" என்றார். அவர் விளையாட்டாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

அவன் நேரே இசக்கியப்பனிடம் போனான்.

"அண்ணாச்சி, உண்மையச் சொல்லுங்க. யாரு உள்ள போனா?"

"ஒருத்தரையும் விடல தம்பி. உங்கப்பா மட்டும் வருவாவ."

"அப்பாவா?"

"அவிய என்ன வெளியாளா? நீங்க மெஸ்ஸுக்குச் சாப்பிடப் போற நேரமாப் பாத்து, தூக்குவாளியில ஆட்டுப் புழுக்கையக் கரைச்சுக் கொண்டாந்து செடி மேல தெளிப்பாவ. நீங்க ஹாஸ்டலுக்கு வந்த பொறவு பெரிய வாளி. புள்ள பாடுபட்ட செடி, வாடிரக் கூடாதுன்னு."

அப்பாவை நினைத்து ஹரிக்குச் சிரிப்பு வந்தது. குட்டி இலை தண்ணீரோடு போய்விடும் என்று அவன் அலசாமலே அரைத்துச் சோதனைக்கு அனுப்பி வந்திருந்தான். இனி நாலு தண்ணீரில் அலசினால் ஆடு போய்விடும், செடி தனியாக வந்துவிடும். வெயிலை ஜெயித்த செடி. கமிட்டி முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நிற்கலாம்.

"வயித்துல பால வார்த்திய அண்ணாச்சி. இனிமே அப்பாவையும் உள்ள விடாதீங்க."

இசக்கியப்பன் மனத்தாங்கலோடு அவனைப் பார்த்தார்.

"நல்லாருக்கு தம்பி நியாயம். அன்னைக்கு மாடியில எல்லாச் செடியும் கருகுனப்ப, கம்பிக்குள்ள கை எட்டுனது இது ஒண்ணுக்குத்தான்னு, தெனமும் தண்ணி ஊத்திப் பொழைக்க வச்சதே அவியதான?"