லேஞ்சி போட்டுப் பிடித்த கதிரை

டென்மார்க்கில் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தேடி அலைந்த தகப்பன்மார் எத்தனையோ பேர். பிள்ளை நாட்டுக்குள் வருமா வராதா என்றே தெரியாத நிலையில் பள்ளிக்கூடம் தேடி அலைந்தவர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் ஸ்பானிஷ் அண்ணை.

ஓகூஸ் நகரில் ஒரே வீட்டில், அகதிகளாக வந்த நாங்கள் ஐந்தாறு பேர் கூட்டாகச் சமைத்துச் சாப்பிட்ட காலம் அது. எல்லோருடைய குடும்பமும் ஊரில், யாழ்ப்பாணத்தில். அவர்களைக் கூப்பிட நாங்கள் கொடுத்த விண்ணப்பங்கள் அரசாங்க அலுவலகத்தில் அசையாமல் கிடந்தன. நீதி அமைச்சரே அவற்றைச் சட்டத்துக்கு மாறாக நிறுத்தி வைத்திருந்தார் என்பது நாட்டுக்கே பிறகுதான் தெரிந்தது. நாங்கள் பெருமூச்சு விட்டபடி சீட்டு விளையாடினோம். அண்ணை சைக்கிளில் ஏறிப் பள்ளிக்கூடம் பார்க்கப் போனார்.

டேனிஷ் பள்ளிக்கூடங்கள் அவருக்குப் பிடிக்கவில்லை. "சோதனை இல்லையாம், மாக்ஸ் இல்லையாம். ஆர் முதலாம் பிள்ளை எண்டு கேட்டால் எல்லாரும் நல்ல பிள்ளையளாம்! இதென்ன பள்ளிக்கூடமோ, பூங்காவோ?" என்று சோற்றுக் கோப்பையோடு குதித்தார்.

அப்போதுதான் மீன் தொழிற்சாலையில் அவரோடு வேலை செய்த சிலி நாட்டுக்காரர் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னார். அவரைப்போல் அகதியாக வந்தவர்களும் சில டேனிஷ் பெற்றோரும் சேர்ந்து நடத்துவது. கணக்கு, பாட்டு, பந்தடிச் சண்டை எல்லாமே அங்கே ஸ்பானிஷில். அன்று அண்ணை வந்த வேகத்தில் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"முடிவெடுத்திட்டன்! மகள் வாசுகிக்கு ஸ்பானிஷ் பள்ளிக்கூடம்தான்!"

"அண்ணை, பிள்ளை முதல்ல டேனிஷ் படிக்கட்டுமே," என்றேன்.

"டேனிஷ் ரோட்டில வரும். தமிழ் வீட்டில வரும். இங்கிலிஷ் ரீவியில வரும். ஸ்பானிஷ் சும்மா வருமோ? நாளைக்கு இவங்கள் எங்களைப் போ எண்டு சொன்னால், பிள்ளைக்குப் போறதுக்கு எத்தினை நாடு இருக்கும், யோசிச்சுப் பார்!"

விழுந்து விழுந்து சிரித்தோம். அன்றிலிருந்து அவர் ஸ்பானிஷ் அண்ணை ஆனார்.

மொழிபெயர்க்க என்னை இழுத்துக்கொண்டு, கல்யாணக் கோட்டும் டையுமாக, தானே பொரித்த தட்டை வடையோடு தலைமை ஆசிரியையைப் பார்க்கப் போனார். அந்த அம்மா ஜீன்ஸ் போட்டுக்கொண்டு பிள்ளைகளோடு தரையில் இருந்தார். ஒரு வடையைக் கடித்து உறைப்பில் கண் கலங்கி, "பிள்ளை எங்கே?" என்று கேட்டார்.

"ஊரில, மிஸ்."

"எப்போது வருவாள்?"

"அதை உங்கட அரசாங்கத்தைத்தான் கேக்கவேணும்."

அவர் எழுந்துபோய்ப் பதிவேட்டைப் புரட்டினார். இடம் ஒன்றுதான் இருக்கிறது, ஈஸ்டர் விடுமுறை வரை வைத்திருக்கலாம், அதற்குள் வராவிட்டால் காத்திருக்கும் வேறு பிள்ளைக்குக் கொடுக்கவேண்டும் என்றார்.

அண்ணை எழுந்தார். வகுப்பைச் சுற்றி வந்தார். ஜன்னலோரம் குளிர், கடைசி வரிசை கூடாது. முன்வரிசையில் ஒரு குட்டிக் கதிரையைத் தெரிவு செய்து, சட்டைப் பையிலிருந்த லேஞ்சியை எடுத்து அதன்மேல் விரித்தார். யாழ்ப்பாணத்தில் பஸ் வந்து நிற்குமுன்னே ஜன்னலால் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடிப்போமே, அதே லேஞ்சி. அது கிடக்கிற இடத்தில் இருக்க எவனுக்கும் துணிவு வராது.

"அண்ணை, இது டென்மார்க்!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவர் காதில் சொன்னேன்.

"லேஞ்சிக்கு நாடு கிடையாது. வாயை மூடு!"

அந்த அம்மா சிரித்துக்கொண்டு சம்மதித்ததுதான் பிழை. லேஞ்சியைத் தோய்த்து, இஸ்திரி போட்டுத் திரும்ப விரிக்க அண்ணை ஒவ்வொரு கிழமையும் போனார். போனவர் வகுப்பின் பின்னால் இருந்து பாடமும் கேட்டார். வீட்டில் ஸ்பானிஷில் எண்ணிக்கொண்டே உள்ளி உரித்தார். அங்கே படித்த பாட்டுகளையும் அவர் பாட, கேட்டுக்கொண்டு நின்ற நாங்கள் பருப்பை அடிப்பிடிக்க விட்டோம். ஒரு நாள் புதுப் பையன் ஒருவன் தெரியாமல் அந்தக் கதிரையில் இருக்கப் போக, முழு வகுப்பும் எழுந்து அவனை விரட்டியதாம். அதைச் சொல்லும்போது அண்ணை நிலத்தில் நிற்கவில்லை.

மாரிக் குளிர் போனது. ஈஸ்டர் நெருங்கியது. ஒரு நாள் லேஞ்சி மாற்றிவிட்டு வந்தவர் பாடவில்லை; கலண்டரில் ஈஸ்டர் வரையுள்ள நாட்களைத் தமிழில் எண்ணினார்.

திடீரென்று அண்ணையின் குடும்பத்துக்கு அனுமதி வந்தது! நாங்கள் போட்ட ஆட்டத்தில் கீழ் வீட்டுக்காரி சண்டைக்கு வந்தார். அவரையும் கட்டிப்பிடித்து ஆடினோம்.

விமான நிலையத்தில் வாசுகி தாயின் பின்னால் ஒளிந்துகொண்டு, "அம்மா, இந்த மாமா ஆர்?" என்றாள். மழலை பேசும் வயதில் விட்டுவிட்டு வந்த பிள்ளை. அண்ணை தேவைக்கு அதிகமாகச் சிரித்தார். ரயிலில் மூன்று மொழியில் கதைத்துப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் அவள் தாயின் தோளில் முகத்தைப் புதைத்தாள்.

ஈஸ்டருக்கு முந்திய கடைசிப் பள்ளி நாள், நானும் கூடப் போனேன். கதவைத் திறந்ததும் முழு வகுப்பும் "வாசுகி!" என்று கூரை பறக்கக் கத்தியது.

அவள் முதன்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள். "இவைக்கு என்னை எப்பிடித் தெரியும்?"

"நான்தான் சொன்னனான்."

"என்னைப் பற்றியோ?"

"ஓம். ஒவ்வொரு கிழமையும். உனக்குச் சேவலுக்குப் பயம் எண்டதும் தெரியும்."

அவள் மெல்லப் போய் அந்தக் கதிரையிலிருந்த லேஞ்சியை எடுத்தாள். நாலாக மடித்துக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இந்தாங்கோ அப்பா. இனி நான் இருக்கிறன்."

அண்ணை அதை வாங்கி முகத்தில் அழுத்திக்கொண்டார். பக்கத்தில் நின்ற நானும் என் கண்ணைத் துடைக்க அதற்குக் கையை நீட்டினேன். மனுஷன் கடைசிவரை லேஞ்சியை விடவில்லை.