ஜெயகரனின் மாற்று ஏற்பாடு

கடகடகட... கட... கட... புஸ்!

ஜெனரேட்டர் கடைசியாக ஒரு தும்மல் போட்டுவிட்டு நின்றது. அந்த ஆம்பூர் ஷூ கம்பெனியில் அத்தனை மெஷின்களும் ஒன்றாக வாயை மூட, அதுவரை இரைச்சலில் பேச முடியாமல் இருந்தவர்கள் எல்லோரும் ஒன்றாக வாயைத் திறந்தார்கள்.

ஜெயகரனுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. எது வந்தாலும் கம்பெனி நிற்காமல் ஓட வழி செய்வதுதான் அவர் உத்தியோகம். அதற்காகவே பளபளப்பான அட்டை போட்டுத் தடிமனாக ஒரு திட்டம் எழுதியிருந்தார். ராத்திரி அடித்த காற்றில் கரண்ட் போனபோதுகூட, "பிளான் இருக்கு!" என்று அட்டையைத் தட்டிக் காட்டியவர் அவர்.

"நவீன்குமார்! இன்னாய்யா இது?"

எலக்ட்ரீஷியன் தலையைச் சொறிந்தான். "டீசல் தீர்ந்துபோச்சு சார்."

"ரெடியா வச்சிருந்த டீசல் எங்க?"

"வாராவாரம் ஜெனரேட்டரை ஓட்டிப் பாக்கணும்னு பிளான்ல எழுதியிருந்தீங்க. ஓட்டி ஓட்டியே தீர்ந்துபோச்சு. திரும்ப ஊத்தணும்னு எழுதலையே சார்?"

"அதை வேற எழுதணுமா? அறிவு வேணாம்?"

அதற்குள் முதலாளி நசீர் அகமதுவின் போன் வந்தது. "ஜெயகரன், சாயங்காலம் கண்டெய்னர் கிளம்பியே ஆகணும். இல்லைன்னா பையர் ஆர்டரைக் கேன்சல் பண்ணிடுவான். நான் உங்களைக் கேன்சல் பண்ணிடுவேன்."

ஷூவின் மேல்பாகங்கள் எல்லாம் தைத்துத் தயார். சோல் ஒட்டிப் பெட்டியில் அடைக்க வேண்டியதுதான் பாக்கி. ஜெயகரன் மின்வாரியத்துக்குப் போன் போட்டார்.

"டவரே சாஞ்சிருச்சு சார். இன்னிக்கு வராது. இன்னும் எங்கெங்கன்னா..."

"ஊர்க்கதையெல்லாம் நான் கேட்டேனா? எங்களுக்கு வராதுன்னா வராதுன்னு சொல்லிட்டுப் போங்க!" பட்டென்று போனை வைத்தார்.

அடுத்த உத்தரவு பறந்தது. கம்பெனி பஸ் மூன்றில் ஒன்றிலிருந்து டீசலை உறிஞ்சி ஜெனரேட்டருக்கு ஊற்றினார்கள்.

"என் வண்டி பட்டினியா நிக்குது சார்," என்றார் டிரைவர் வாஹித் பாஷா.

"கம்பெனியே பட்டினி கிடக்குது பாய். ஒரு நாள் பொறுத்துக்கச் சொல்லுங்க."

ஜெனரேட்டர் உறுமியது. எல்லோரும் கைதட்டினார்கள். தட்டிய கை ஓய்வதற்குள் 'டமார்!' ஜெனரேட்டர் அறையிலிருந்து கரும்புகை வந்தது.

"லோடு ஜாஸ்தியாயிருச்சு சார்," என்று இருமினான் நவீன்குமார். "ஆபீஸ் ஏசி எல்லாம் ஒரே நேரத்துல ஏறிக்கிச்சு."

"இந்த நேரத்துல ஆபீஸுக்கு எவன்யா ஏசி குடுத்தது?"

"'கரண்ட் போனா முதல்ல ஆபீஸுக்குக் குடு'ன்னு பிளான்ல நீங்கதானே சார்..."

"எழுதினதை எல்லாம் அப்படியே செய்வீங்களா? எழுதாததை எதையும் செய்ய மாட்டீங்களா? பேஜார் பிடிச்ச கம்பெனிய்யா இது!"

ஜெயகரன் திட்டத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். முகம் மலர்ந்தது. மாற்று இடம்! மேல்விஷாரத்தில் முதலாளியின் மச்சானுக்கு இதே மாதிரி ஒரு கம்பெனி இருந்தது. அவசரத்துக்கு அங்கே போய் வேலையை முடிப்பதாக ஏற்பாடு.

"ஏறுங்க எல்லாரும் பஸ்ல!"

மூன்று பஸ் ஆட்கள் இரண்டு பஸ்ஸில் அடைந்தார்கள். ஷூ மூட்டைகள் மடியில் ஏறின. சூப்பர்வைசர் பொன்மலரின் முகத்துக்கு நேராக யாருடைய முழங்கையோ இருந்தது.

"சார், கிளம்பறதுக்கு முன்னால அங்க ஒரு போன் போட்டுக் கேட்டுக்கலாமே?"

"எனக்குத் தெரியாதா?" ஜெயகரன் அந்தக் கம்பெனியின் மேனேஜர் முஸம்மிலை அழைத்தார். பிஸி. மறுபடியும் பிஸி. "பாரு, ரெண்டு தடவையும் பிஸி! பிஸியா இருக்கான்னா அங்க வேலை நடக்குதுன்னு அர்த்தம். என்கிட்ட பிளானை வாங்கி, ஊர் பேரை மட்டும் மாத்தி, சொந்தமா எழுதினதா அவங்க முதலாளிகிட்ட சபாஷ் வாங்கினவன்! இன்னிக்கு நமக்கு இடம் குடுக்கக் கசக்குமா? வண்டியை எடுங்க டிரைவர்!"

மாதனூர் தாண்டியதும் எதிர்ச்சாலையில் பஸ்கள் வரிசையாக வந்தன. ஜன்னலெல்லாம் தலைகள், ஒரே பாட்டும் கும்மாளமும்.

"ஏதோ கல்யாண கோஷ்டி போல," என்றாள் பொன்மலர். "பாவம், நம்மளைப் பார்த்துக் கையாட்டுறாங்க."

"ஊரே பொழைப்பில்லாமக் கெடக்குது, இவங்களுக்குக் கல்யாணம் கேக்குது!" ஜெயகரன் ஜன்னல் திரையை வெடுக்கென்று இழுத்துவிட்டு மறுபடி போன் போட்டார். பிஸி. "கொஞ்ச நேரம் போனை வைக்கறானா பாரு!"

வேலூர் நெரிசலில் முண்டி, மூட்டைகளோடு மல்லுக்கட்டி மேல்விஷாரம் வந்து சேர்ந்தபோது மதியம் ஆகியிருந்தது. கம்பெனி கேட்டில் பெரிய பூட்டு. உள்ளே ஈ காக்கை இல்லை. கேட் ஓரமாக வாட்ச்மேன் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஜெயகரன் பஸ்ஸிலிருந்து குதித்தார். "யோவ்! வேலை நாள்ல கம்பெனியைப் பூட்டிட்டு எங்கய்யா போனாங்க எல்லாரும்? எங்க அந்த முஸம்மில்?"

வாட்ச்மேன் கையிலிருந்த சோற்றை உருட்டி வாயில் போட்டு, மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார்:

"காத்துல இங்கயும் கரண்ட் போச்சு சார். கரண்ட் போனா ஆம்பூர் கம்பெனிக்குப் போய் வேலை செய்யணும்னு எவனோ ஒரு புண்ணியவான் பிளான் எழுதிக் குடுத்திருக்கானாம், மொத்தப் பேரும் பஸ் ஏறி அங்கதான் போயிருக்காங்க!"