கமக்காரப் பெண் ஒருவர் தேவை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில் மெல்பேர்னுக்கு ரஷ்ய ஓவியக் கண்காட்சி ஒன்று வந்தது. படம் முழுக்க அரிவாளும் தலைத்துணியுமாக வயலில் நிற்கும் கமக்காரப் பெண்கள். அடுத்த மாதமே வங்கி மனேஜர்களின் மனைவிமார் தலைத்துணி கட்டிக்கொண்டு டிராமில் ஏறத் தொடங்கினார்கள். இந்த நாகரிகம் நகரசபையையும் தொற்றியது. "குடியேறியோரின் கமக்காரப் பெண்களையும் ஓவியமாக்கத் தீர்மானித்துள்ளோம். தங்கள் சமூகத்திலிருந்து ஒருவரை அனுப்பி உதவுக" என்று கலை அதிகாரி எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு எழுதினார். செயலாளர் அடியேன்.

பன்னிரண்டு குடும்பங்களையும் கூட்டினேன். விசாரித்ததில் பதினொரு பெண்களின் தகப்பன்மாரும் தலைமையாசிரியர்கள் அல்லது தபாலதிபர்கள். மண்வெட்டியை ஒருவரும் கண்டதில்லை. தக்காளி டின்னில் அடைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்யும் இரஞ்சிதம் மட்டும் எழுந்தாள்.

"நான் வெங்காயம் நட்டனான், புகையிலைக்குத் தண்ணி இறைச்சனான். நான் வாறன். படத்துக்குக் கீழ என்ர பேர் போடுவினமோ?"

"போடுவினம்" என்றேன், யாரையும் கேளாமலே.

"அப்ப சரி, அண்ணை. நாலு வருசமா தொழிற்சாலையில என்னைப் பதினேழாம் நம்பர் எண்டுதான் கூப்பிடுகினம். ஒரு இடத்திலயாவது பேர் இருக்கட்டும்."

இரண்டாம் கடிதம் வந்தது. படம் நகர மண்டபத்தில் தொங்குமாம், மேயரின் மனைவி திறந்து வைப்பாராம். அன்று பொழுதுபடுவதற்குள் சங்கத்தில் பன்னிரண்டு கமக்காரப் பெண்கள். முதலாவது ஆள் என் மனைவி பத்மா.

"எங்கட வளவில முருங்கை நிண்டதெல்லோ?"

"நிண்டது. காய் பிடுங்கினது வேலைக்காரி."

"பிடுங்கச் சொன்னது நான்."

அவள் கமக்காரப் பெண்தான் என்று சங்க முத்திரை குத்தி அத்தாட்சிப் பத்திரம் எழுதிக் கொடுத்தேன்.

நேர்முகத் தேர்வில் பத்திரம் கேட்டபோது இரஞ்சிதம் தன் காய்த்துப்போன கைகளை நீட்டினாள். "கை ஆவணமாகாது" என்றார் அதிகாரி. பத்மா தெரிவானாள். ஆனால் நகப்பூச்சுப் போட்ட விரல்களுக்கு அரிவாள் பிடிபடவில்லை. ஓவியர் மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, இரஞ்சிதத்தைக் கூப்பிட்டு அவளுடைய கைகளை வரைந்தார். "கைக்கும் பேர் போடுவினம்தானே" என்று அவளும் சம்மதித்தாள்.

திறப்பு விழாவில் எல்லோரும் கைகளையே புகழ்ந்தார்கள். படத்தின் கீழே 'கமக்காரப் பெண்' என்று மட்டும் இருந்தது.

"எனது பெயர் எங்கே?" என்று பத்மா அதிகாரியை ஆங்கிலத்தில் கேட்டாள். பக்கத்தில் இரஞ்சிதமும் நின்றாள்.

"ரஷ்யப் படங்களைப் பார்த்தீர்களா, அம்மணி? சீமாட்டிக்குக் கீழே பெயர் இருக்கும், கமக்காரிக்குக் கீழே இராது. பெயர் போட்டால் அவள் கமக்காரியே அல்ல."

"நான் தலைமையாசிரியரின் மகள்."

"அப்படியானால் இந்தப் பத்திரம் பொய்யா?" என்று அவர் என் பக்கம் திரும்பினார்.

"இல்லை ஐயா, அசல் கமக்காரி" என்றேன். பத்மா தனியாக டிராம் ஏறி வீட்டுக்குப் போனாள்.

சங்கத்தின் ஆண்டறிக்கையில் இச்சாதனையைப் பெருமையோடு பதிந்தேன்: "முகம் உதவியவர், செயலாளரின் பாரியார் திருமதி பத்மா. கைகள் உதவியவர், ஒரு பெண்மணி."

இரஞ்சிதம் அறிக்கையோடு வீட்டுக்கு வந்தாள். "இதிலயும் என்ர பேர் இல்லையே, அண்ணை."

பாவமாகத்தான் இருந்தது. கதிரையில் இருத்தி, பொறுமையாக விளக்கினேன். அறிக்கையில் பொறுப்பானவர்களின் பெயர்தான் வரும், எல்லோருடைய பெயரையும் போட்டால் அறிக்கைக்கு மதிப்பிராது, இது நான் வைத்த விதியல்ல, வழக்கம்.

அவள் கடைசிவரை கவனமாகக் கேட்டாள்.

"அண்டைக்கு அந்தத் துரை இங்கிலீசில சொன்னது எனக்கு விளங்கேல்ல, அண்ணை. நீங்கள் தமிழில சொன்னபடியா வடிவா விளங்கிட்டுது."