நான் முயலா, நிலமா?

கொபார்,
வெள்ளிக்கிழமை

அன்புத் தங்கை டுல்சிக்கு,

உன் அண்ணன் நெவில் எழுதிக்கொள்வது. நானும் வெர்னாவும் உயிரோடு இருக்கிறோம், நாய் எங்களைவிட நன்றாக இருக்கிறது. ஹோபார்ட்டில் நீயும் உன் முட்டிவலியும் சௌக்கியமா? அங்கே மழை பெய்வதாகக் கேள்வி. இங்கே இல்லை. விசாரிக்க வேண்டியதை விசாரித்தாயிற்று, இனி விஷயம். ஈஸ்டருக்கு நீ வர வேண்டாம். நான் வைத்தியத்தை நிறுத்தப் போகிறேன். நீ வந்தால் நிறுத்த விடமாட்டாய்.

கதையை முழுதாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வெர்னாவுக்குப் போன் போட்டு அவள் பாணியில் தெரிந்துகொள்வாய். கெண்டைக்காலில் வெட்டி எடுத்தார்களே தோல் புற்று, அது தொடையில் இரண்டு கட்டியாகவும் முதுகில் ஒன்றாகவும் திரும்பி வந்தது. நகரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் ஃபாம் என்று ஒரு பெண், உன் மகள் லிஸ் வயதுதான் இருக்கும், கட்டிக்குள் ஒரு மரபணுவை அனுப்பப் போவதாகச் சொன்னாள். யார் கொண்டுபோவார்கள் என்று கேட்டேன். எங்கள் பக்கம் எதை அனுப்பினாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதானே, தபால் வண்டி பாதி வழியில் நின்றுவிட்டால் மருந்தும் அதிலேயே கிடக்கும். அவளுக்குக் கேள்வி பிடித்துவிட்டது, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். வழிகள் பல உண்டாம். கண்ணுக்குத் தெரியாத கொழுப்புத் துளிக்குள் பொதிந்து அனுப்பலாம், மின்சாரம் பாய்ச்சி செல்லின் கதவு ஒரு கணம் திறக்கும்போது உள்ளே தள்ளலாம், ரத்தத்திலிருந்து செல்களை வெளியே எடுத்து மரபணுவை ஏற்றித் திரும்ப விடலாம். எனக்கு மின்சாரம்தான் பிடித்தது, மின்வேலியில் ஆயுள் முழுக்க அடிவாங்கியவன் இன்னும் ஒரு அடி வாங்கினால் என்ன? ஆனால் அவள் எனக்கென்று வைத்திருந்தது வைரஸ். உதட்டோரம் கொப்புளம் போடுமே, அதே வைரஸ். அதன் கெட்ட குணத்தை வெட்டிவிட்டு, நமக்கு வேண்டிய மரபணுவை ஏற்றி, ஊசியால் நேரே தொடைக் கட்டிக்குள் விடுவார்களாம்.

வைரஸ் என்றதும் நான் என் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டேன். ஏன் என்று உனக்குத் தெரியும். புல்லையெல்லாம் தின்று தீர்த்த முயல்களை ஒழிக்க, அப்பா வைரஸ் நோயில் கண் வீங்கிய முயல் ஒன்றைச் சாக்கில் கொண்டுவந்து நம் நிலத்து முயல் வளைகளில் விட்டதும், கொஞ்ச நாளில் நிலம் முழுக்க முயல்கள் செத்து நாறியதும், கண் தெரியாத முயல் ஒன்று உன் காலில் வந்து முட்டி நீ சாப்பிடாமல் அழுததும் உனக்கு மறந்திருக்காது. பக்கத்து நிலத்து மக்கின்டயர், என் மண்ணில் எந்த நோயையும் விடமாட்டேன் என்று அப்பாவிடம் சண்டைக்கு வந்தார். நோயைச் சுமந்த கொசு அவரிடம் அனுமதி கேட்கவில்லை, வேலி தாண்டிப் போய் அவர் முயல்களையும் முடித்துவிட்டது.

ஆகவே முதல் ஊசி போட்டுக்கொண்டு காய்ச்சலும் நடுக்கமுமாக வீடு வந்ததும் நான் கண்ணாடிமுன் நின்று இமை வீங்கியிருக்கிறதா என்றுதான் பார்த்தேன். அப்புறம் கொசுவலைக்குள் குடியேறினேன். என்னைக் கடித்த கொசு வெர்னாவைக் கடித்தால் என்ன ஆவது, நாயைக் கடித்தால் என்ன ஆவது? ஆடுகளைப் பார்க்கப் போகும்போதும் தொப்பிமேல் வலையைப் போட்டுக்கொண்டு போனேன், ஆடுகள் சிதறி ஓடின. தபால் வண்டிக்காரி, தேனீ வளர்க்கிறீர்களா, ஒரு புட்டி தேன் கிடைக்குமா என்று கேட்டாள். வெர்னா கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள்.

"நம்ம கல்யாணத்துக்கு நான்கூட முகத்துல இவ்வளவு வலை போடல, நெவில். அந்த டாக்டரைக் கேட்டுத்தான் தொலையேன்."

கேட்டேன். கொசுவால் பரவாது, கட்டுப் போட்ட இடத்தை யாரும் தொடாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றாள். நான் விடவில்லை. முயல் கதையை முதலிலிருந்து சொல்லி, "இந்தக் கதையில நான் யாரு டாக்டரம்மா? முயலா?" என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை, உட்கார்ந்து யோசித்தாள்.

"கட்டிதான் முயல். நீங்க நிலம்."

நிலமாக இருந்து எனக்குப் பழக்கமில்லை, ஆனாலும் மரியாதையான உத்தியோகம். அதோடு விட்டேனா? அந்த நோய்க்குச் சாகாத முயல்களும் மிஞ்சினவே, அவற்றின் வாரிசுகள் இன்றைக்கும் என் வேலிக்கடியில் வளை பறிக்கின்றனவே, மிஞ்சுவதை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அதற்குத்தான் மரபணு என்றாள். வைரஸ் தன்னால் முடிந்தவரை கொல்லும். அது கொண்டுபோன மரபணு உள்ளே நின்று விசில் ஊதும். சத்தம் கேட்டு உடம்பின் காவல் செல்கள் மேய்ப்பு நாய்களைப்போல ஓடிவரும், மோப்பம் பிடித்துக்கொண்டால் ஊசி போடாத இடத்திலும் போய்த் தேடலாம். தேடலாம் என்றுதான் சொன்னாள், தேடும் என்று சொல்லவில்லை. எல்லாருக்கும் அப்படி நடப்பதில்லை என்பதையும் சேர்த்தே சொன்னாள்.

இப்போது என் தொடைக் கட்டிகள் சிறுத்துவிட்டனவா? பெருத்துவிட்டன. சிவந்து, சூடேறி, உட்காரவிடாமல் படுத்துகின்றன. அந்தக் காவல் நாய்கள் வந்து குவியும்போது முதலில் வீங்குவதும் உண்டு, பொறுத்துப் பாருங்கள் என்கிறாள். பொறுமை நம் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. பயமாகவும் இருக்கிறது டுல்சி, உனக்கு மட்டும் சொல்கிறேன். அத்தனை தூரம் வண்டி ஓட்டிப் போய், குத்திக்கொண்டு, நடுங்கியபடியே திரும்பி வந்து, வளர்கிற கட்டியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஆகவில்லை. வரும் செவ்வாய்க்கிழமை ஊசிக்கு நான் போகப்போவதில்லை. இருக்கிற காலத்தை வலையில்லாமல் கழித்துக்கொள்கிறேன். டாக்டரம்மாவுக்குப் போன் செய்து நீ சண்டை போடாதே, அவள் நல்ல பெண்.

லிஸ்ஸுக்கும், நான் இன்னும் பார்க்காத அவள் குழந்தைக்கும், மாமா தாத்தாவின் ஆசிகள். உன் முட்டி உன் பேச்சைக் கேட்டு நடக்கட்டும். ஹோபார்ட் மழையில் பாதியை இந்தப் பக்கம் தள்ளிவிடவும்.

இப்படிக்கு,
பிடிவாதத்தில் உனக்கு மூத்த
நெவில் ட்ரெகியர்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் வெர்னா முதுகுக்குத் தைலம் தேய்க்க வந்தாள். தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"நெவில், இங்க இருந்தது எங்க போச்சு?"

முதுகுக் கட்டியில் யாரும் ஊசியே போடவில்லை. இரண்டு கண்ணாடி வைத்துப் பார்த்தேன், கையை முறுக்கித் தடவியும் பார்த்தேன், காணோம். டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். ஸ்கேன் எடுக்காமல் எதையும் சொல்ல முடியாது என்று ரொம்ப நிதானமாகச் சொன்னாள், பிறகு போனை வைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு ஒரு சந்தோஷக் கூச்சல் போட்டாள். திரும்ப எழுதக் கை வலிக்கிறது, அதனால் இதையே அனுப்புகிறேன். மேலே உள்ளதையெல்லாம் அடுப்பில் போடு. செவ்வாய்க்கிழமை நான் போகிறேன். ஈஸ்டருக்கு நீ வா, லிஸ்ஸையும் கூட்டிக்கொண்டு வா, கட்டுப் போட்ட இடத்தைக் குழந்தை தொடாமல் பார்த்துக்கொள்கிறேன்.

வேலி தாண்டியாயிற்று, மக்கின்டயர் நிலத்தில் முயலைக் காணோம், டுல்சி.